கத்திரி வெயிலில் வீட்டு மருந்துகள்: மருந்தாளுநர் பதில்கள்

மருந்து டப்பாவை ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறோம். குழந்தைகளுக்கு எட்டாத இடம் என்பதால்தான். சரிதானே? – வாசகி, வேலூர்

குழந்தைகளுக்கு எட்டக் கூடாது என்று நினைத்தது மிகவும் சரி, அம்மா. ஆனால் அந்த இடம் வேண்டாம். ஃபிரிட்ஜ் தன் உள்ளிருந்து வெளியேற்றும் சூடு பின்புறமாக மேலே ஏறி அங்கேதான் தங்குகிறது. அடுப்புக்கு மேலுள்ள அலமாரி, ஜன்னல் திட்டு, மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ, குளியலறை ஆகியவையும் மருந்துக்கு ஆகாது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 30 டிகிரிக்குக் கீழ், சிலவற்றில் 25 டிகிரிக்குக் கீழ் வைக்கச் சொல்லியிருப்பார்கள். காலாவதி தேதி அந்த நிபந்தனையோடு சேர்த்துத் தரப்படுவது. அக்னி நட்சத்திர நாட்களில் உங்கள் ஊரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்; மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை இரவிலும் ஆறுவதில்லை. வெயில் படாத உள்ளறையில், தரைத்தளத்தில், பூட்டு உள்ள மர அலமாரி நல்லது. ஒரு சின்ன வெப்பமானியை அங்கே வைத்து மதியம் மூன்று மணிக்குப் பாருங்கள்.

ஓரிரு மணி நேரம் வெப்பம் அந்த அளவைத் தாண்டினால் பெரும்பாலான மாத்திரைகள் தாங்கும். வாரக்கணக்கில் சூட்டில் கிடப்பதுதான் கெடுதல். அதனால் கோடையில் மூன்று மாத மருந்தை மொத்தமாக வாங்க வேண்டாம் என்று என்னிடம் வருபவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடலாமா? – வாசகர், திருச்சி

வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் குளிர்ந்த டப்பாவில் நீர் முத்துமுத்தாகப் படிகிறது. மாத்திரைக்கும் கேப்ஸ்யூலுக்கும் ஈரமும் பகைதான். ‘2 முதல் 8 டிகிரி’ என்று அச்சிட்டிருப்பவை மட்டும் உள்ளே போகட்டும்.

அப்பா இன்சுலின் போடுகிறார். எங்கள் கிராமத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. – வாசகி, மணப்பாறை

பிரிக்காத குப்பிகளைச் சேர்த்து வைக்காதீர்கள். அவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. அப்போதைக்கு வேண்டிய ஒன்றை மட்டும் வாங்குங்கள். பயன்பாட்டில் உள்ள குப்பி பொதுவாக அறை வெப்பத்தில் நான்கு வாரம் தாங்கும். ஆனால் அந்த அறை வெப்பம் 25 அல்லது 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது வகைக்கு வகை மாறும் என்பதால் உறைக்குள் உள்ள தாளைப் பாருங்கள். பிரித்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள்.

மண்பானை உங்களுக்குக் கைகொடுக்கும். பெரிய பானையில் மணல் பரப்பி, அதற்குள் ஒரு சிறு பானையை வைத்து, இடைவெளியையும் மணலால் நிரப்புங்கள். மணலைக் காலையும் மாலையும் நனையுங்கள். குப்பியை நீர் புகாத உறையில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்வதால் உட்புறம் குளிர்கிறது. உங்கள் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும்; சென்னை, நாகப்பட்டினம் போன்ற புழுக்கமான கடலோரத்தில் பலன் குறைவு. ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆகவே பயன்பாட்டில் உள்ள குப்பிக்கு மட்டும்தான் இது.

ஃபிரிட்ஜ் உள்ளவர்களுக்கும் ஒரு சொல்: பிரீசரிலோ, பின்சுவரை ஒட்டியோ இன்சுலினை வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்தால், உருகிய பின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். பயணத்திலும் ஐஸ் கட்டி குப்பியில் நேராகப் படக் கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலும், இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் வகை, குப்பியை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் கட்டிகட்டியாக நின்றாலும் போடாதீர்கள். வெப்பத்தில் வீரியம் குறைந்ததைக் கண்ணால் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது. காரணமின்றிச் சர்க்கரை ஏறினால் குப்பியையும் சந்தேகப்பட்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை வருகிறது. – வாசகர், மதுரை

ஈரம் பட்டு ஆஸ்பிரின் சிதையும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. வினிகரில் இருப்பதும் அதுதான். அந்த டப்பாவைக் கழித்துவிட்டு இன்றைக்கே புதியது வாங்குங்கள், ஐயா. வேளை தவற வேண்டாம்.

குழந்தைக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் பொடி மருந்தில் பாதி மீந்திருக்கிறது. அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாமா? – வாசகி, ஈரோடு

கூடாது. நீர் கலந்த நிமிடத்திலிருந்து அதன் ஆயுள் நாட்கணக்குதான். அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும், பொதுவாக ஏழு நாள்தான். பாட்டிலில் அச்சிட்ட காலாவதி தேதி கலக்காத பொடிக்கு உரியது. அடுத்த காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவையா என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரையைப் பைக் பெட்டியில் வைத்திருக்கிறேன். – வாசகர், கரூர்

தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் சூடு வெளியை விட மிக அதிகம். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் மருந்து அந்த நேரத்தில் வேலை செய்தாக வேண்டும். அட்டையைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்து, போகும் இடமெல்லாம் உடன் எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடிக் குப்பியில் வந்த வகையாக இருந்தால், அதே குப்பியில் இறுக மூடி வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம்.