உக்ரைனில் படைகள் இப்போது நிற்கும் இடத்திலேயே போரை நிறுத்திவிட்டால் என்ன?

ஆண்டுக்கணக்கில் வரைபடத்தில் பெரிய மாற்றம் இல்லை, நாள்தோறும் ஆட்கள் மட்டும் சாகிறார்கள், ஆளுக்கொரு பக்கம் இருப்பதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஆகாதா என்ற ஆதங்கத்தில் கேட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது இந்தப் போரில் சிக்கினேன். மீதிப் படிப்பை ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் முடித்தேன். நகர்ந்துகொண்டே இருக்கும் போர்முனையையும், நின்றுபோனதாகச் சொல்லப்படும் போர்முனையையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன். நான் இராணுவ வல்லுநன் அல்லன்.

கார்கிவ், ரஷ்ய எல்லையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கடைத்தெருவிலும் பேருந்திலும் நாங்கள் கேட்டதெல்லாம் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான். 2022 பிப்ரவரி 24 விடியற்காலையில் குண்டுச் சத்தம் தொடங்கியது. அன்றே மெட்ரோ நிலையங்கள் குடியிருப்புகளாகிவிட்டன. நடைமேடையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு போர்வை அகலம் இடம். எங்களுக்கு அருகில் படுத்திருந்த ஒரு மூதாட்டி, தம் பேரனுக்கு வைத்திருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து எங்களிடம் நீட்டியபோது பேசியதும் அதே ரஷ்ய மொழியில்தான். மார்ச் 1 அன்று நகரின் நடுவே சுதந்திரச் சதுக்கத்தில் இருந்த மாகாண நிர்வாகக் கட்டடத்தின்மீது ஏவுகணை விழுந்தது. அதே நாளில் கர்நாடகத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாள், மாலை 6 மணிக்குள் பிசோச்சின், பாபாய், பெஸ்லியுடிவ்கா ஆகிய ஊர்களில் ஒன்றை எப்பாடுபட்டாவது அடைந்துவிடுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தே போங்கள் என்று நம் தூதரகத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. ரயில் நிலையக் கூட்டத்தில் ஏற முடியாமல் நின்ற நாங்கள், மூவண்ணக் கொடியை முன்னால் பிடித்துக்கொண்டு பனியில் பிசோச்சினுக்கு நடந்தோம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சுமி நகரில் மாட்டிக்கொண்டிருந்த நம் மாணவர்கள் மார்ச் 7 அன்று பேருந்தில் ஏறிய பிறகு, வழி பாதுகாப்பாக இல்லை என்று இறக்கிவிடப்பட்டார்கள். அன்றே பிரதமர் மோடி புதினிடமும் ஜெலென்ஸ்கியிடமும் தொலைபேசியில் பேசினார். மறுநாள் அவர்கள் போல்தாவா வழியாக வெளியேறினார்கள். இரு தரப்போடும் பேசக்கூடிய நாடாக இந்தியா இருந்தது எங்களுக்கு நன்மையாக முடிந்தது என்பதை நான் மறுக்கவே மாட்டேன். எனவே பேச்சுவார்த்தையே வீண் என்று சொல்பவனாக என்னை நினைக்க வேண்டாம். பேருந்து போகும் பாதைக்கோ தானியக் கப்பலுக்கோ கைதிகள் பரிமாற்றத்துக்கோ உடன்பாடு காண முடிகிறது. 2022 ஜூலையில் இஸ்தான்புல்லில் துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று கருங்கடல் தானிய ஒப்பந்தத்தை முடித்துவைத்தன. 2025 மே மாதம் இரு தரப்பும் தலா 1,000 பேரை விடுவித்தன. நிலம் என்று வரும்போதுதான் பேச்சு முறிகிறது.

ஏனென்றால், ரஷ்யா கேட்பது தன் படைகள் நிற்கும் இடத்தை மட்டுமல்ல. 2022 செப்டம்பரில் உக்ரைன் படைகள் எங்கள் கார்கிவ் மாகாணத்தில் பாலக்லியா, குப்யான்ஸ்க், இசியும் ஆகிய ஊர்களைச் சில நாட்களில் மீட்டன. போர்முனை சரிந்த அந்த அதிர்ச்சியில் புதின் செப்டம்பர் 21 அன்று ஆள்திரட்டலை அறிவித்தார்; 30 அன்று டோனெட்ஸ்க், லுஹான்ஸ்க், ஜாபோரிஷியா, கெர்சோன் ஆகிய நான்கு மாகாணங்களையும் ரஷ்யாவோடு இணைத்துவிட்டதாக அறிவித்தார். பிறகு அதை அரசியல் சட்டத்திலும் எழுதிக்கொண்டார்கள். ஜாபோரிஷியா நகருக்குள் ரஷ்யப் படை நுழைந்ததே இல்லை. கெர்சோன் நகரை நவம்பர் 11 அன்று உக்ரைன் மீட்டுவிட்டது. இருந்தும் 2024 ஜூனில், உக்ரைன் அந்த நான்கு மாகாணங்களிலிருந்தும் முழுமையாக வெளியேறினால்தான் பேச்சு என்று புதின் நிபந்தனை விதித்தார். 2025 நவம்பரில் வெளியான அமெரிக்காவின் 28 அம்ச அமைதித் திட்ட வரைவிலும், டோனெட்ஸ்கில் தன் கையில் மிஞ்சியிருக்கும் பகுதியை உக்ரைன் விட்டுத்தர வேண்டும் என்றே இருந்தது.

அந்த மிச்சப் பகுதியில்தான் ஸ்லோவியான்ஸ்க், கிராமடோர்ஸ்க், துருஷ்கிவ்கா, கோஸ்தியான்தினிவ்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக அரண் நகரங்கள் இருக்கின்றன. 2014 முதல் தோண்டிய பதுங்குகுழிகளும் கண்ணிவெடி வயல்களும் அங்கே உள்ளன. போர்முனைக்குப் போகும் சாலைகளுக்கு மேல் டிரோன்களைத் தடுக்கக் கிலோமீட்டர் கணக்கில் வலை கட்டியிருக்கிறார்கள். சண்டையிட்டுப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகக்கூடிய இடத்தை மேசையில் கேட்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டால், அடுத்து மேற்கே தற்காத்துக்கொள்வதற்கு அப்படியொரு அரண் வரிசை இல்லை. பெரும்பாலும் வெட்டவெளி வயல்கள்தான். வரைபடத்தில் விரலகலமாகத் தெரியும் அந்த நிலத்துக்கு உக்ரைன் இத்தனை பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கையெழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் போர்முனை சும்மா இருக்கும் என்பதும் நடந்த வரலாறு அல்ல. கிழக்கு உக்ரைனில் 2014-இல் ரஷ்ய ஆதரவுப் படைகளோடு தொடங்கிய சண்டையை நிறுத்துவதற்கான இரண்டாவது மின்ஸ்க் உடன்பாடு 2015 பிப்ரவரி 12 அன்று கையெழுத்தானது. 15 முதல் சண்டை நிறுத்தம். 18 அன்று டெபால்ட்செவ் என்ற ரயில் சந்திப்பு நகரம் ரஷ்ய ஆதரவுப் படைகளிடம் விழுந்தது. பேச்சுக்கு முன் களத்தில் நிலம் பிடித்து வைத்துக்கொள்ளும் இதே கணக்கை உக்ரைனும் போட்டுப் பார்த்தது: 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துக்குள் நுழைந்து நிலம் பிடித்தது, நிலத்துக்கு நிலம் என்று பின்னர் ஜெலென்ஸ்கி பேசவும் செய்தார். ஆனால் 2025 மார்ச்சில், அமெரிக்கா உளவுத் தகவல் தருவதைச் சில நாட்கள் நிறுத்திவைத்திருந்த அதே மாதத்தில், அங்கிருந்த சுட்ஜா நகரம் கைவிட்டுப் போயிற்று. மேசையில் வைக்க நினைத்த துருப்புச்சீட்டு, மேசைக்கு வருவதற்கு முன்பே பறிபோனது.

இனி ஜார்ஜியா. 2008 ஆகஸ்டில் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் நடந்த போர் சில நாட்களில் நின்றது. பிரான்ஸ் அதிபர் சார்க்கோசி நடுவிலிருந்து கொண்டுவந்த ஆறு அம்ச உடன்பாட்டின்படி, ரஷ்யப் படைகள் போருக்கு முன்பிருந்த நிலைகளுக்குத் திரும்ப வேண்டும். அவை முழுமையாகத் திரும்பவில்லை. மாதம் முடிவதற்குள், ஜார்ஜியாவின் பகுதிகளான தெற்கு ஒசேத்தியாவையும் அப்காசியாவையும் தனி நாடுகளாக ரஷ்யா அங்கீகரித்தது. நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு இன்று ஜார்ஜியாவின் கட்டுப்பாட்டில் இல்லை. திபிலிசியிலிருந்து கோரிக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் செரோவானி என்ற குடியிருப்பைப் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே அச்சில் வார்த்தவை போன்ற சிறு வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அந்தப் போரில் ஊரை இழந்தவர்களைக் குடியமர்த்தக் கட்டியவை. தற்காலிகமாக வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பள்ளி முடித்துவிட்டார்கள். எங்களோடு படித்த ஜார்ஜிய மாணவர்கள் சொல்லித்தான் மற்றொன்று தெரிந்தது: தெற்கு ஒசேத்தியாவைப் பிரிக்கும் அந்தக் கோடும் நிற்கவில்லை. ஒரு துப்பாக்கிகூடச் சுடாமல், இரவில் முள்கம்பி வேலியும் எல்லையைக் குறிக்கும் பச்சைப் பலகையும் சில நூறு மீட்டர் தள்ளி நடப்படும். காலையில் எழுந்தால் தோட்டம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம்.

மேற்கத்திய நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவின் விரிவாக்கத்தைப் பேசாமல் இதென்ன ஒருதலைப் பேச்சு என்று சிலர் கேட்பார்கள். பேசுகிறேன். 2008 ஏப்ரலில் புக்கரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று சொல்லிவிட்டு, எப்போது என்று சொல்லாமல் விட்டது நேட்டோவின் பெரும்பிழை. ரஷ்யாவுக்குச் சினமூட்டியது, அவ்விரு நாடுகளுக்கும் பாதுகாப்பும் தரவில்லை. ஆனால் அந்தப் பிழைக்கு விலையாகக் கார்கிவ் குழந்தைகள் இன்று மெட்ரோ நிலையங்களிலும் நிலத்தடிப் பள்ளிகளிலும் பாடம் படிப்பதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியபோது, நீட் தேறாதவர்கள்தானே அங்கே போனீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. பாதிப் படிப்போடு மாதக்கணக்கில் அலைக்கழிந்தோம். இங்கே தனியார் கல்லூரிக் கட்டணம் என்ன என்பதை அறிந்த எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். அதே நபர்கள்தான் இன்று, டோனெட்ஸ்கைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று எளிதாகப் பின்னூட்டம் எழுதுகிறார்கள்.

நிற்கும் இடத்திலேயே நிறுத்துவது நடக்கலாம். ஒருவேளை நடக்கக்கூடியது அது மட்டும்தானோ என்னவோ. அப்படியொரு உடன்பாடு வந்தால் எத்தனை சதவீத நிலம் யாருக்கு என்ற தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாமல், கண்காணிப்பாளர்கள் எதுவரை போகலாம், கோட்டை மீறினால் யார் என்ன செய்வார்கள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். மின்ஸ்க் காலத்தில் இருந்த பன்னாட்டுக் கண்காணிப்பாளர்கள் ஆயுதமில்லாதவர்கள். மீறல்களை எண்ணி அறிக்கை எழுத மட்டுமே அவர்களால் முடிந்தது. ஜார்ஜியாவில் 2008 அக்டோபர் முதல் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்புக் குழுவை, வேலிக்கு அந்தப் பக்கம் இன்றுவரை விடவில்லை.