பிரசவப் பதிவுகளை ஆய்வுக்குப் பென்டிரைவில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். பீடி சுற்றும் பெண்களுக்குக் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கின்றனவா என்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சுகாதாரத் துறையின் பிக்மி (கர்ப்பிணி, குழந்தை விவரங்களுக்கான கணினிப் பதிவு) பதிவுகளையும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டைப் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். டேட்டா என்ட்ரி வேலை பார்க்கும் தெரிந்த அண்ணன் ஒருவர், "பென்டிரைவில் போட்டுத் தாரேன், பேரை மட்டும் அழிச்சிரு" என்கிறார். வாங்கலாமா சார்?
– வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. உங்கள் ஆய்வு நம்ம ஊருக்கு அவசியமானது. நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் பெண்களைப் பற்றிய விவரம் அரசு கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆனால் அது முறையான வழியில் உங்கள் கைக்கு வர வேண்டும்.

முதலில் அந்த அண்ணனைப் பற்றி. அந்தப் பதிவைக் கொடுக்க அவருக்கு அதிகாரமே இல்லை. அவர் ஒப்பந்த ஊழியர் என்றால், அடுத்தவருக்கு நட்டம் வரும் என்று தெரிந்தே தனிப்பட்ட தகவலை வெளியே கொடுப்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகளின்படி துறை நடவடிக்கை வரும். நாளைக்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) "இந்தத் தரவு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அடுத்து, பெயரை அழித்தால் போதும் என்ற எண்ணம். பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: வயது 41, நான்காவது பிரசவம், இரட்டைக் குழந்தை, இன்ன ஊர், இன்ன தேதி. பெயரும் இல்லை, செல் நம்பரும் இல்லை. இருநூறு வீடு உள்ள ஊரில் அது யார் என்று பீடிக்கடையில் கட்டு ஒப்படைக்க நிற்கும் எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவார். வயது 17 என்று இருந்தால் அந்த வீட்டுக்குப் போலீஸே வரலாம். கரு கலைந்த விவரமும் அதே பதிவில்தான் இருக்கும். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் மருத்துவர்களையே கட்டிப்போட்டிருக்கிறது. அது உங்கள் பையில் பென்டிரைவாக அலையலாமா?

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு மாநில ஆளுநரின் பதிவையே அடையாளம் கண்டுவிட்டார். நம்ம ஊரில் வாக்காளர் பட்டியல்கூடத் தேவைப்படாது.

சரி, சட்டம் ஆய்வுக்குத் தடையா? இல்லவே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். அதன் பிறகு வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 17(2)(பி) பிரிவில் ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்கு கொடுக்கிறது. இதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பகுதி 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். நீங்கள் இப்போதே அதன்படி நடந்துகொள்ளுங்கள். விலக்குக்கு முக்கியமான நிபந்தனை, அந்தத் தரவை வைத்து எந்தத் தனி ஆளைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது என்பது. உங்கள் பட்டியலைப் பார்த்து யாராவது ஒரு பெண்ணின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையை நிறுத்தினாலோ, கர்ப்பிணி என்று பீடி இலை கொடுக்க மறுத்தாலோ அந்த விலக்கு போய்விடும். தேவைக்கு மேல் தரவு வாங்கக் கூடாது, பத்திரமாக வைக்க வேண்டும் என்பவையும் விதிகளில் உண்டு.

இனி செய்ய வேண்டியது. உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். அடையாளம் நீக்கிய தரவு என்றால் ஒவ்வொரு பெண்ணிடமும் சம்மதம் கேட்பதிலிருந்து குழு விலக்குத் தரலாம்; ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலில் அதற்கு இடம் இருக்கிறது. அப்புறம் வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதத்தோடு சென்னையில் உள்ள பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு விண்ணப்பம் போடுங்கள். பீடித் தொழிலாளர் நல அலுவலகத்துக்குத் தனி விண்ணப்பம்.

விண்ணப்பத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு பட்டியலையும் இணைக்கும் வேலையை அலுவலகமே செய்யட்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பதிவில் கொடுக்கும் ஆர்சிஎச் எண்ணை எடுத்துவிட்டு ஆய்வு எண் போட்டு, எந்த எண் யாருடையது என்ற குறிப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வயதுக்குப் பதில் 20–24, 25–29 என்று பிரிவு, தேதிக்குப் பதில் ஆண்டு, ஊருக்குப் பதில் வட்டாரம் கேளுங்கள். எடை மட்டும் கிராம் கணக்கில் சரியாக வேண்டும், அதைக் குறைத்துக் கேட்காதீர்கள். ஆய்வேட்டு அட்டவணையில் ஒரு கட்டத்தில் 2, 3 பேர் மட்டும் வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால், கடையம், ஆலங்குளம் பதிவுகள் வேண்டுமென்றால் அதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ஆள்வாரியான பதிவு கிடைக்காது. தனிப்பட்ட தகவலைத் தர மறுக்க இடம் கொடுக்கும் 8(1)(ஜே) பிரிவு இப்போது திருத்தப்பட்டு இன்னும் இறுகிவிட்டது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் மாதாந்திர அறிக்கைகளை அந்த வழியில் வாங்கலாம். புதிதாக அட்டவணை தயாரித்துத் தரச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் ஆய்வு விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் பதில் வரவில்லை என்றால், அது எந்த மேஜையில் இருக்கிறது, கோப்பில் என்ன குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. விண்ணப்ப நகலையும் தபால் ஒப்புகை அட்டையையும் தொலைத்துவிடாமல் வைத்திருங்கள்.