‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பொறியியல் துறையில் இறுதியாண்டு மாணவர்களிடம் திருப்திக் கணக்கெடுப்பு நடத்தினோம். ‘படிப்பில் ஒட்டுமொத்தமாக எவ்வளவு திருப்தி?’ என்று 5 புள்ளி அளவில் ஒரே கேள்வி. 200 மாணவர்களின் சராசரி 3.9. 40 மாணவிகளின் சராசரி 3.8. இரு தரப்பிலும் திட்ட விலக்கம் (பதில்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) 0.9. இரு சராசரிகளின் வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியதா என்று பார்க்கும் டி சோதனையில் ஒன்றும் தேறவில்லை. ‘பாலின வேறுபாடு இல்லை’ என்று அறிக்கையை முடித்துவிடலாம் என்கிறார் துறைத்தலைவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே பிசகு என்றும் சொல்லத் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

முடிக்க வேண்டாம். உங்கள் எண்கள் அப்படிச் சொல்லவில்லை.

1/200, 1/40 இரண்டையும் கூட்டினால் 0.03. அதன் வர்க்கமூலத்தை 0.9-ஆல் பெருக்கினால் திட்டப்பிழை, அதாவது சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக எவ்வளவு ஊசலாடும் என்ற அளவு, 0.156. 95 சதவீத இடைவெளிக்கு (உண்மையான வேறுபாடு பெரும்பாலும் அடங்கும் எல்லைக்கு) அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குங்கள்: 0.31. உங்களுக்குக் கிடைத்த வேறுபாடு 0.1; அதிலிருந்து இதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், உண்மையான வேறுபாடு -0.21 முதல் +0.41 வரை எங்கேயும் இருக்கலாம். 0.41 என்பது கிட்டத்தட்ட அரை திட்ட விலக்கம், சின்ன விஷயமல்ல. உங்கள் கணக்கெடுப்பு ‘இல்லை’ என்று சொல்லவில்லை, ‘எனக்குத் தெரியவில்லை’ என்றுதான் சொல்கிறது. அறிக்கையில் அந்த இடைவெளியையே அச்சிடுங்கள்.

இடிக்கும் இடம் அந்த 40. மாணவர்களை 2000 ஆக்கினாலும் 0.31 என்பது 0.28 ஆகத்தான் குறையும். மூன்று ஆண்டு வகுப்புகளைச் சேர்த்து 600, 120 என்று கொண்டுவந்தால் 0.18-க்கு இறங்கும். ஆனால் மூன்று ஆண்டும் கேள்வியின் வாசகம் மாறக்கூடாது. நடுவில் யாராவது ‘மெருகேற்றி’ விடுவார்கள், அதோடு போயிற்று.

அடுத்து, பதில் சொல்ல அங்கே இல்லாதவர்கள். முதலாண்டுப் பெயர்ப்பட்டியலை எடுங்கள். ஒரு பேச்சுக்கு, 50 மாணவிகள் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். துறை மாறியவர்களும் படிப்பை விட்டவர்களும் 10 பேர். அவர்களைக் கேட்டிருந்தால் சராசரியாக 2.5 கொடுத்திருப்பார்கள் என்றால், 3.8 என்பது 3.54 ஆகிவிடும். இறுதியாண்டில் மட்டும் கேட்பது, பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று விசாரிப்பது போல. இரண்டாம் பருவ முடிவிலேயே ஒருமுறை கேளுங்கள், விலகுபவர்களிடம் விலகும்போதே கேளுங்கள். மாணவர்களுக்கும் இதே கணக்குதான்.

பிரிவு வாரியாகவும் பாருங்கள். 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையில் விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வு மறைந்தது. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். உங்களிடம் இதுவே தலைகீழாக நடக்கலாம். மாணவிகள் பெரும்பாலும் நன்றாக நடக்கும் ஒரு பிரிவில் இருந்தால், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் இருக்கும் குறை மொத்தச் சராசரியில் அமுங்கிப்போகும்.

இத்தனைக்கும் மேலே, அந்த ஒற்றைக் கேள்வியே பெரிய தொல்லை. ‘ஒட்டுமொத்தமாக’ என்றால் வேலைவாய்ப்பு, மதிப்பெண், நண்பர்கள் எல்லாம் கலந்த ஒரு 4 தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசி லேப் வகுப்பில் கருவியை நீங்கள் எத்தனை நிமிடம் கையாண்டீர்கள்? ப்ராஜெக்ட்டில் சர்க்யூட்டை யார் வடிவமைத்தது, யார் சால்டர் செய்தது, அறிக்கையை யார் எழுதியது, ஸ்லைடுகளை யார் தயாரித்தது? சந்தேகம் கேட்டபோது ஆசிரியர் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னாரா, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தா? திருப்தியில் ஒரே 4 கொடுத்த இருவரில் ஒருவர் நான்கு பருவமும் ரெக்கார்டு மட்டும் எழுதியவர் என்பது இங்கேதான் வெளிவரும்.

பால் பற்றிய கேள்வியைத் தாளின் கடைசியில் வையுங்கள். ஒரு பிரிவில் மாணவிகள் ஐந்துக்குக் குறைவாக இருந்தால் அந்தச் சராசரியை வெளியிடாதீர்கள். மூன்று பேரில் எழுதியது யார் என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும், மறுவருடம் எல்லாத் தாளிலும் 4 தான் இருக்கும்.