மேகம், தூசுத் துகள் கணக்குகளை ஜிபியுவில் (ஒரே நேரத்தில் பல கணக்குகள் போடும் கிராபிக்ஸ் சிப்) ஓட்டினால் காலநிலை மாடல் உண்மையிலேயே வேகமாகுமா?

வேகமாகும், ஆனால் எல்லாப் பகுதியும் ஒரே அளவுக்கு அல்ல.

மாடல் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. துகள்மேல் நீராவி படிவது, துளி வளர்வது, ரசாயன மாற்றம் எல்லாம் பெரும்பாலும் அந்தந்தக் கட்டத்தின் சொந்தக் கணக்கு. அதனால் ஆயிரக்கணக்கான கட்டங்களை ஜிபியுவில் ஒரே நேரத்தில் போடலாம்.

சிக்கல் வேறு இடத்தில். ஜிபியுவில் 32 அல்லது 64 இழைகள் (தனித்தனிக் கணக்கு ஓட்டங்கள்) கூட்டாக ஒரே கட்டளையைச் செய்யும். ஒரு கட்டத்தில் மேகம், அடுத்ததில் வெறும் வானம் என்றால், வானத்து இழை சும்மா காத்திருக்கும். மேகமுள்ள கட்டங்களை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கினால் இது குறையும். அப்புறம், இந்தப் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு மீதியை சிபியுவிலேயே (கணினியின் வழக்கமான சிப்) விட்டால், மாடல் நேரத்தில் முன்னேறும் ஒவ்வொரு காலப்படியிலும் இரண்டு சிப்புக்கும் இடையே தரவு போய்வரும் நேரமே லாபத்தைத் தின்றுவிடும்.

கஷ்டம்தான், ஆனாலும் முழு மாடலையும் மாற்றுவதே சரி என்பேன். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஸ்க்ரீம் மாடலை சி++ மொழியில் புதிதாக எழுதி, ஜிபியுக்கள் நிறைந்த ஃப்ரன்டியர் சூப்பர் கணினியில் 3.25 கிலோமீட்டர் கட்டத்தில் ஓட்டினார்கள். ஒரு நாள் ஓட்டத்தில் ஓராண்டுக்கும் மேலான காலநிலை கிடைத்தது. 2023-ல் கார்டன் பெல் காலநிலைப் பரிசும் வந்தது.