மஞ்சள் உருளையும் எங்கள் கிணறும்: கேள்வி பதில்

எங்கள் சனசமூக நிலையத்தில் போன மாதம் ஒரு பிஸ்கற் ரின்னை வைத்து, "பூமியை உலக நாடுகள் சேர்ந்து கண்காணிப்பது பற்றி எதையும் கேட்கலாம்" என்று எழுதி ஒட்டினார்கள். பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன், பள்ளிக்கூட மழைமானியை நாள் தவறாமல் பார்த்தவன் என்பதுதான் என் தகுதி. ரின்னுக்குள் கிடந்தவற்றில் இரண்டு கேள்விகள் காணி வழக்குப் பற்றியவை. அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

மாஸ்டர், முல்லைத்தீவுக்கு வெளியே ஆழ்கடலில் வலையோடு ஒரு மஞ்சள் உருளை வந்தது. உச்சியில் அன்ரெனா மாதிரி ஒரு கம்பி. குண்டோ என்று பயந்து திரும்பப் போட்டுவிட்டோம். அது என்ன?
(கடற்றொழிலாளி, வடமராட்சி கிழக்கு)

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது ஆர்கோ மிதவையாகத்தான் இருக்க வேண்டும். திரும்பப் போட்டது நல்ல வேலை.

இப்படிப்பட்ட மிதவைகள் உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 திரிகின்றன. சுமார் 30 நாடுகள் பங்கு போட்டு இறக்கிவிட்டவை. ஒரு மிதவை 1,000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே ஏறும்போது வெப்பநிலையையும் உப்பின் அளவையும் அளந்துகொண்டே வரும். மேலே வந்ததும் செய்மதிக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் கீழே போகும். எஞ்சின் கிடையாது. உள்ளே இருக்கும் எண்ணெயை அடியிலுள்ள ரப்பர் பைக்குத் தள்ளினால் பை ஊதும். எடை அதேதான், பருமன் கூடுகிறது, அதனால் மேலே வருகிறது. எண்ணெயைத் திரும்ப உள்ளே இழுத்தால் தாழும். மீன் தன் காற்றுப்பையை வைத்துச் செய்வதும் இதைத்தான்.

பாக்கு நீரிணைப் பக்கம் இது வேலை செய்யாது, அங்கே ஆழம் போதாது. வங்காள விரிகுடாவில்தான் இதன் தேவை. கங்கையும் மற்ற ஆறுகளும் கொண்டுவரும் நன்னீர் அங்கே பாரம் குறைந்த படையாக மேலே நிற்கும். கீழேயுள்ள தண்ணீரோடு அது இலேசில் கலக்காது. அதனால் மேற்படை சூடேறிப் போகும். அந்தச் சூடுதான் புயலுக்குத் தீனி. செய்மதிக்குக் கடலின் தோல் மட்டுமே தெரியும், உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்று சொல்ல உங்கள் வலையில் சிக்கிய அந்த உருளை வேண்டும்.

கரைக்கு ஒதுங்கியது கையில் கிடைத்தால் மட்டும் திறந்து பார்க்க வேண்டாம். உள்ளே லிதியம் பற்றரி இருக்கும், சிலவேளை அழுத்தமும் ஏறியிருக்கும். மேலே ஒட்டியிருக்கும் இலக்கத்தைக் குறித்து உங்கள் கடற்றொழில் பரிசோதகரிடம் கொடுங்கள்.

உளவு பார்க்கத்தானே ஐயா இதெல்லாம்? பெரிய நாடுகள் எங்களுக்குச் சும்மா ஏதாவது தருமா?
(கடைக்காரர், நெல்லியடி)

சந்தேகம் நியாயமானது. ஆர்கோ தொடங்கிய காலத்திலேயே கரையோர நாடுகள் இதைக் கேட்டன. எங்கள் கடலுக்குள் உங்கள் கருவி மிதந்து வந்தால் எங்களுக்குச் சொல்ல வேண்டாமா என்று. அதனால் யுனெஸ்கோவின் கீழ் இயங்கும் கடலியல் ஆணைக்குழு 1999 இல் தீர்மானம் எடுத்து, கரையோர நாடுகளுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அளந்த தரவும் பூட்டி வைக்கப்படுவதில்லை. பெரும்பகுதி 24 மணித்தியாலத்துக்குள் யாரும் எடுக்கக்கூடியபடி வெளிவந்துவிடும். எல்லாரும் படிக்கக்கூடிய உளவறிக்கையை யார் எழுதுவார்?

"சும்மா" என்ற சொல்லுக்கு வருவோம். வானிலையில் எந்த நாடும் தனியே பிழைக்க முடியாது. மற்ற நாடுகளின் அளவுகள் இல்லாமல் அமெரிக்காவாலும் ஒரு கிழமைக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுகுண்டைக் காட்டி முறைத்துக்கொண்டிருந்த 1963 இல்தான் உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. வொஷிங்டன், மொஸ்கோ, மெல்பேர்ண் மூன்றும் அதன் முதல் உலக மையங்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க வானிலை அளக்கும் பலூன்கள் ஒரே நேரக் கணக்கில்தான் ஏறுகின்றன. எங்கள் மணிக்கூட்டில் அது காலை 5.30, மாலை 5.30. போர் நடக்கும் நாடுகள்கூடத் தங்கள் அளவுகளை முடிந்தவரை அனுப்புகின்றன. பாசத்தினால் இல்லை, கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதனால்.

புயலுக்குப் பெயர் வைப்பது யார்? எங்கள் புயலுக்கு ஏன் மற்ற நாட்டுப் பெயர்?
(இல்லத்தரசி, சாவகச்சேரி)

வட இந்து சமுத்திரத்துக்கு 13 நாடுகள் சேர்ந்த குழு ஒன்று இருக்கிறது. இலங்கையும் அதில் ஒன்று. இந்தியா, பாகிஸ்தான், ஈரான், சவூதி எல்லாம் ஒரே மேசையில். வேறு எந்த மேசையிலாவது இவர்கள் இப்படிச் சேர்ந்து இருப்பார்களா தெரியாது. 2004 இலிருந்து பெயர் வைக்கும் வழக்கம். 2020 இல் வந்த புதுப் பட்டியலில் நாட்டுக்கு 13 ஆக 169 பெயர்கள். 2008 கார்த்திகையில் எங்களை வெள்ளத்தில் இருத்திய நிஷா, வங்காளதேசம் வைத்த பெயர். 2020 இல் வந்த புரெவி மாலைதீவுடையது. புயல் என்று உறுதிப்படுத்திப் பெயரைச் சூட்டுவது டெல்லியிலுள்ள வானிலை மையம். ஆனால் இங்கே எச்சரிக்கை விடுவது எங்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பொறுப்பு.

சுனாமி திரும்ப வந்தால் இப்போது முன்கூட்டியே தெரியுமா?
(மணற்காடு)

2004 மார்கழி 26 இல் சுமாத்திராவில் கடல் அடி பிளந்து, அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! மணற்காட்டில் இருந்து நடந்தே தப்பியிருக்கலாம். பசிபிக்கில் 1965 இலிருந்தே பல நாடுகள் சேர்ந்த எச்சரிக்கை அமைப்பு இருந்தது. இந்து சமுத்திரத்தில் சொல்ல ஆள் இல்லை. அதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது இருக்கிறது. 2011 ஒக்ரோபரிலிருந்து இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் முழுச் சமுத்திரத்துக்கும் கணித்துச் சொல்கின்றன. நிலநடுக்க மானிகள், கடலடி அழுத்தமானிகள், துறைமுகங்களிலுள்ள கடல்மட்டமானிகள் எல்லாம் பல நாடுகளுடையவை. ஆனால் அந்த மூன்று நாடுகளும் உங்களுக்கு நேரே சொல்லமாட்டா. கொழும்புக்குச் சொல்லும், கொழும்பு மாவட்டத்துக்கு, மாவட்டம் உங்களுக்கு. 2012 ஏப்ரல் 11 இல் 8.6 அளவில் நடுங்கியபோது சனம் ஓடியது நினைவிருக்கும். அன்று கடலடி பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழும்பவில்லை. "சும்மா ஓடவிட்டார்கள்" என்று அப்போது பலர் ஏசினார்கள். நான் ஏசமாட்டேன். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் அறிவிப்புக்குக் காத்திராமல் ஓடுங்கள்.

செய்மதியால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் குறைவதையும் உவர் ஏறுவதையும் பார்க்கலாமா?
(தோட்டக்காரர், புன்னாலைக்கட்டுவன்)

இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் சுவாரசியம். நிலத்தடி நீரை "நிறுத்துப் பார்க்கும்" செய்மதிகள் உண்டு. அமெரிக்காவும் ஜேர்மனியும் 2002 இல் அனுப்பிய கிரேஸ் என்ற சோடி. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீற்றர் இடைவெளியில் பறந்தன. கீழே நீர் கூடிய இடத்தில் ஈர்ப்பு சற்றுக் கூடும், முன்னால் போவது சற்று இழுபடும், இடைவெளி மயிரளவிலும் குறைவாக மாறும். அதை அளந்து வட இந்தியாவில் நிலத்தடி நீர் இறங்குவதைக் கண்டுபிடித்தார்கள். 2018 இலிருந்து அடுத்த சோடி பறக்கிறது. ஆனால் அது பார்ப்பது சில நூறு கிலோமீற்றர் அகலமான துண்டுகளாக. முழுக் குடாநாடும் வன்னியும் கடலும் சேர்ந்து ஒரே புள்ளி.

எங்கள் நன்னீரோ சுண்ணாம்புக்கல்லுக்குள், கடல்நீருக்கு மேலே வில்லை மாதிரி மிதக்கிறது. மாரி மழைதான் அதற்கு ஒரே வரவு. மோட்டர் போட்டு அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே வரும். பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்றும் அப்படித்தான், எந்தச் செய்மதிக்கும் தெரியாது. போத்தலில் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீருக்கு எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை கயிறு விட்டு எழுதி வையுங்கள். ஐந்து வருடக் கொப்பி ஒன்று இருந்தால் நானே வந்து வாங்கிப் படிப்பேன்.

செய்மதிப் படம் வாங்க எவ்வளவு?
(பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

ஒரு சதமும் இல்லை. அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிப் படம் ஒன்று ஒரு காலத்தில் 600 டொலர். 2008 இலிருந்து இலவசம், 1972 வரை பின்னோக்கியும் பார்க்கலாம். ஐரோப்பாவின் சென்ரினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றருக்கு 10 மீற்றர். எங்கள் கணக்கில் ஒரு பரப்புக் காணி இரண்டரைப் புள்ளி. வெங்காயமா புகையிலையா என்று ஒரு பரப்பில் தேடாதீர்கள், தொண்டைமானாறு நீரேரி மாரிக்கும் கோடைக்கும் எப்படி விரிந்து சுருங்குகிறது என்று பாருங்கள். மாரியில் முகில் மூடினால் சென்ரினல்-1 எடுக்கும் ராடர் படம் உதவும்.

மார்கழியில் வரும் புகை மூட்டம் எங்களுடையதா?
(ஓய்வுபெற்ற தாதி, கோண்டாவில்)

குப்பை எரிப்பது எங்களுடையது. மற்றது வாடைக்காற்றோடு வடக்கேயிருந்து வருவது. 2022 மார்கழியில் மண்டூஸ் புயல் நேரம் அந்தப் புகையால் நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடவேண்டி வந்தது. இதற்காக 1998 இலேயே தெற்காசிய நாடுகளும் ஈரானும் மாலேயில் ஒரு பிரகடனம் செய்தன. அளப்பதற்கு உதவியது. நிறுத்தியதா என்றால், மார்கழியில் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள்.

சேர், நாங்களும் ஏதாவது அளக்கலாமா?
(8 ஆம் வகுப்பு, உரும்பிராய்)

மழையை அள, பிள்ளை. செய்மதி மழையைச் சுமார் 10 கிலோமீற்றர் சதுரத்துக்கு ஒரு இலக்கமாகத்தான் மதிப்பிடும். கோப்பாயில் கொட்டி உரும்பிராயில் தூறாமல் விட்ட நாட்கள் எத்தனை! நேரான பக்கமுள்ள பாத்திரம் ஒன்று, ஓர் அடிமட்டம், ஒரு கொப்பி போதும். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் தண்ணீர். தினமும் காலை 8.30 க்குப் பார். திணைக்களம் மழைநாளைக் கணக்கெடுப்பதும் அந்த நேரத்தில்தான். மழை இல்லாத நாளில் வெறுமையாக விடாமல் 0 என்று எழுது. வெறுமை என்றால் நீ பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மதிலுக்கும் பனைக்கும் தள்ளி, வெட்டையில் வை. எங்கள் பள்ளிக்கூட மழைமானியில் ஒரு சித்திரையில் மூன்று நாள் தொடர்ந்து 4 மில்லிமீற்றர் பதிவானது. பக்கத்து ஊரில் ஒரு துளியும் இல்லை. நான்காம் நாள் மறைந்து நின்று பார்த்தேன். காவலாளி ரோசாச் செடிக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.