நள்ளிரவு ஆட்டமும் கைக்குழந்தையும்

கேள்வி: மகள் பிறந்து மூன்று வாரம் ஆகிறது. நள்ளிரவு கால்பந்து ஆட்டங்களை அவளை மார்பில் சாய்த்தபடி சோபாவில் பார்க்கிறேன். மனைவிக்கும் ஓய்வு கிடைக்கிறது. இது சரிதானா?

பதில்: மனைவியைத் தூங்கவிட்டு நீங்கள் கண்விழிப்பது அருமை. ஆனால் சோபாவில் நீங்களும் கண்ணயர்ந்தால் பெரிய ஆபத்து. குழந்தை நழுவி, உங்கள் உடலுக்கும் மெத்தைக்கும் நடுவே முகம் புதைந்து மூச்சுத் திணறலாம்; அழக்கூட முடியாது. 0-0 என்று இழுக்கும் ஆட்டத்தில் 70-வது நிமிடம் கண் சொக்குவது யாருக்கும் நடக்கும். முதல் கொட்டாவியிலேயே அவளைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை, பொம்மை, அணியின் ஸ்கார்ஃப் எதுவும் உள்ளே வேண்டாம்.

இந்த வயதில் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் தேவைப்படும். ஆட்டமோ 15 நிமிட இடைவேளையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் கட்டாயம் எழுவாள். டயப்பர், மாற்றுத்துணி எல்லாம் முதல் விசிலுக்கு முன்பே கையருகில் இருக்கட்டும். கோல் விழுந்தால் அவளோடு துள்ளாதீர்கள், கழுத்து இன்னும் நிற்கவில்லை. திடீர்க் கூச்சலுக்குக் கைகளை விரித்து அதிர்ந்து அழுவாள்.

கேள்வி: என் அணியின் ஜெர்சியை அவளுக்குப் போடலாமா? மனைவி எதிரணி ரசிகை!

பதில்: படமெடுக்கும் நேரத்துக்குப் போடுங்கள், இருவர் அணிக்கும் ஒவ்வொன்று. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, எண் அச்சு முதுகில் உறுத்தும். உள்ளே பருத்திச் சட்டை அவசியம், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். மைதானத்துக்கு இப்போது அழைத்துப்போக வேண்டாம். வளர்ந்தபின் போனாலும், காதை மூடி இரைச்சலைக் குறைக்கும் குழந்தைகளுக்கான இயர்மஃப் வேண்டும். காதில் பஞ்சு வைப்பது போதாது.