சளி மருந்துக்குப் பிறகு கீட்டோன் இறங்கினால்

வலிப்பைக் கட்டுப்படுத்தும் 4:1 கீட்டோ உணவில் (எடையில் கொழுப்பு 4 பங்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 பங்கு) நன்றாக இருந்த உங்கள் பையனுக்கு, சளி சிரப் கொடுத்ததும் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் பொருள்) இறங்கி வலிப்பு திரும்பிவிட்டது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்த சிரப் மேல்தான். குழந்தைகளுக்கான திரவ மருந்துகளில் பெரும்பாலும் சர்க்கரையோ சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியோ இருக்கும்; இவை கீட்டோனை இறக்கிவிடலாம். 'சுகர் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள், அதிலும் சார்பிட்டால் இருக்கலாம். மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். (காய்ச்சலும் வலிப்பைத் தூண்டும், அதையும் பாருங்கள்.) இன்றே நரம்பியல் மருத்துவரையும் டயட்டீஷியனையும் அழையுங்கள். கொழுப்பை நீங்களாகக் கூட்டவோ வலிப்பு மருந்தை நிறுத்தவோ வேண்டாம். அப்புறம், எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கீட்டோ உணவு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை குறையாதபோதும் குளுக்கோஸ் ஏற்றிவிடக்கூடும். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.